மொர்வான் வீட்டுப் பின்சந்து

சனிக்கிழமை சாயங்காலம் கலாதேவி துடைத்து வெளுக்கவைத்துவிட்டுப் போன கறை, திங்கட்கிழமை காலையில் அதே இடத்தில் மறுபடியும் இருந்தது.

முதலில் வெளிச்சத்தின் வேலை என்று நினைத்தாள். அந்தச் சந்துக்குச் சன்னல் கிடையாது. வயரில் தொங்கும் ஒற்றை விளக்கு ஆடும்போதெல்லாம் சுவரும் கூடவே ஆடும். விளக்கைக் கையால் பிடித்து நிறுத்தினாள். கறை நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, நடுவில் கறுத்து ஓரத்தில் தேன் நிறத்துக்கு மங்கி, அவளுடைய தலைக்குக் கொஞ்சம் மேலே. விரல் வைத்தாள். பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய். நூறு வருஷத்துச் சிக்கெண்ணெய் நாற்றம் இல்லை. இன்றைக்குக் காலையில் தலைக்குத் தேய்த்துக்கொண்டு வந்த யாரோ ஒருவருடைய எண்ணெய்.

ஈப்போ பழைய நகரத்தில் சீனக் கடைவீடுகளுக்கு நடுவே ஒட்டாமல் நிற்கும் மூன்று மாடி வீடு அது. சிலிம் ரிவர் பக்கத்தில் கித்தா எனும் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த மொர்வான் என்ற பிரெஞ்சுத் துரை, பாரிஸில் தான் பிறந்த வீட்டை அப்படியே இங்கே எழுப்பவேண்டும் என்று கப்பல் கப்பலாகச் சாமான் இறக்கிக் கட்டியது. பனியே விழாத ஊரில் பனி வழிவதற்கான சரிவுக்கூரை. வியர்த்துக் கொட்டும் ஊரில் அறைக்கு அறை குளிர்காயச் சலவைக்கல் கணப்பு. துரை போன பிறகு வீடு கிடங்கானது, சீட்டாட்டக் கிளப்பானது, கடைசியில் புறாக்களுக்குச் சொந்தமானது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அறக்கட்டளை அதை எடுத்து, 1913-ஆம் வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே மீட்கத் தொடங்கியது. மரத்துண்டுகளைப் பின்னிய தரை, தங்க முலாம் பூசிய கண்ணாடிச் சட்டங்கள், மயில் நீலச் சுவர்த்தாள், எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

கலாதேவி அதே மொர்வான் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அந்த லயம் இப்போது இல்லை. கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் ஏரியும் மாடிவீடுகளும் கொண்ட தாமான் குடியிருப்பு வந்தது. லயத்தை இடிக்க ஒரு புல்டோசருக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. ஒரு செங்கல்லைக்கூட யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. இங்கே துரை வீட்டுக் கதவுப்பிடி ஒன்றைத் துலக்க அவளுக்கு மூன்று நாள் கொடுத்தார்கள். துலக்குவதற்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம்.

நாற்பத்து மூன்று வயது. அருங்காட்சியகத்தில் கழிவறை கழுவப் போனவளுக்கு, அங்கே வந்திருந்த வெளிநாட்டு நிபுணர்கள் அவளுடைய கை நடுங்காததைக் கவனித்துப் பழைய சுவர்களைத் துடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பதினைந்து வருஷமாக அதுதான் பிழைப்பு. அம்மா வீரம்மாவோடு சிம்பாங் பூலாய் அடுக்குமாடியில் குடியிருந்தாள். எந்தத் துரை வீட்டில் வேலை என்று அம்மாவிடம் மட்டும் அவள் சொல்லவே இல்லை.

சாப்பாட்டுக்கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது அந்தப் பின்சந்து. இரண்டு தோள் அகலம். துரையம்மாவுக்கு வேலைக்காரர்கள் கண்ணில் பட்டால் பிடிக்காதாம். அதனால் சாப்பாட்டுக்கூடத்துப் பக்கம் கதவின் மேலும் சுவர்த்தாளை ஒட்டி, கதவு இருப்பதே தெரியாதபடி செய்திருந்தார்கள். மணி அடிக்கும். சுவர் திறக்கும். சூப்பு வரும். சுவர் மூடிக்கொள்ளும். மணி அடிக்காத நேரமெல்லாம் சுவருக்குப் பின்னால் முதுகைச் சாய்த்து வரிசையாக நிற்கவேண்டும். அப்படி நின்றவர்களின் தலை பட்டுப் பட்டுச் சுண்ணாம்பில் ஊறிய எண்ணெய்தான் அந்தக் கறை. மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம்.

ஹாபிஸைக் கூப்பிட்டுக் காட்டினாள். வேலைக்குப் பொறுப்பாளர் அவன்தான். முப்பத்திரண்டு வயது, பாசார்ச் சந்தையில் அவன் அத்தாவுக்குச் சாப்பாட்டுக் கடை.

“ஈர ஊறல் லா அக்கா,” என்றான் ஹாபிஸ். “ரெண்டு நாளா மழைதானே.”

“ஊறல்ல எண்ண வாசம் வருமா?”

அவன் முகரவில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே பேசினான். “சனிக்கிழம மதாம் எலேன் வராங்க. துரையோட கொள்ளுப் பேத்தி. இந்தச் சந்து எப்படியும் ஸ்டோர் ரூம்தான் கா. இன்னொரு வாட்டி எடுத்துப் பாருங்க. போகலன்னா சாந்து பூசி மூடிருங்க.”

“ஏன் மூடணும்? துரையம்மா கோவத்துல கிளாஸ வீசின கீறலக்கூட அப்படியே கண்ணாடி போட்டு வச்சிருக்கோம். இதுவும் அந்தக் காலத்ததுதானே. ஒம்பது பேரு நின்ன தடம்.”

“கறையப் பாக்க யாரு கா டிக்கெட் எடுப்பா?” அவன் கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கசந்தது. “வாசல் பலகைல உங்க பேரு வருது. நான்தான் சண்ட போட்டுப் போட வச்சேன். கடைசி வாரத்துல கத பண்ணாதீங்க, ப்ளீஸ் லா.”

அவன் போன பிறகு அவள் வேலைத்தாளை எடுத்தாள். ‘சுவர் 14’ என்ற இடத்துக்கு நேரே ‘அழுக்கு’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து அவளுடையதுதான்.

காகிதக் கூழையும் வெள்ளைக் களிமண்ணையும் குழைத்து ஒன்பது கறைகளின் மேலும் அப்பினாள். காயும்போது அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அப்பிக்கொண்டிருக்கும்போதே சந்தின் கோடியில் தச்சர் பத்துமலை ஏணி மேல் நின்று மணிகளை மாட்டிக்கொண்டிருந்தார். பாகான் டத்தோ ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். சுருள்கம்பியில் தொங்கும் ஏழு பித்தளை மணிகள். ஒவ்வொன்றிலிருந்தும் கம்பி சுவருக்குள் ஓடி ஓர் அறைக்குப் போகும். அங்கே பட்டுக் கயிற்றை இழுத்தால் இங்கே அடிக்கும்.

“கலா, நான் போயி இழுக்கறேன். சத்தம் வருதான்னு பாரும்மா,” என்று இறங்கிப் போனார்.

மணி அடித்தது. சின்னச் சத்தம்தான். ஈரமான சத்தம்.

பத்துமலை திரும்பி வந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். “என்னம்மா இப்படி நிக்கற?”

குனிந்து கூழ் குழைத்துக்கொண்டிருந்தவள் அவள். இப்போது எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட, குதிகால் ஒட்ட, கை இரண்டும் தொடையோடு ஒட்ட விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. கையிலிருந்த கூழ் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“பயந்துட்டேன் அண்ணே,” என்றாள்.

பத்துமலையின் சிரிப்பு குறைந்தது. ஏணியில் கால் வைத்தவர், ஏறாமல் நின்றார். “காலைல நானும் அப்படித்தான் நின்னேன். ஆளில்லாம தானா ஒரு வாட்டி அடிச்சிச்சு. கம்பி இழுபட்டிருக்கும்னு நெனச்சேன். ஆனா கால் இருக்கு பாரு, அது என்னக் கேக்காமலே போகுதும்மா.”

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூழ் காய்ந்து ஓடு ஓடாக உரிந்தது. முதல் ஓட்டைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் இறங்கியிருந்தது. எண்ணெயோடு முடியும். நரைத்த குட்டை முடிகள் நாலைந்து, வேரோடு, வேரில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு. அடுத்த ஓட்டில் கறுத்த சுருட்டை முடி. அதற்கடுத்ததில் சிக்கெடுத்துப் போட்டதுபோல நீளமாக ஒரு கற்றை. சுவர் சுத்தமாக வெளுத்திருந்தது. அவள் அந்த ஓடுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைப் பையில் போட்டாள். பையைக் கட்டினாள். கட்டிய பையை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

புதன்கிழமை எல்லாக் கறையும் திரும்பி வந்திருந்தது.

அன்றைக்கு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. சரிவுக்கூரையில் விழும் மழை, தகரத்தில் விழும் மழைபோல இரையாமல், யாரோ மாடியில் தொடர்ந்து துணி கிழித்துக்கொண்டிருப்பதுபோலக் கேட்டது. சமையலறைப் பக்கமிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசமும் அதற்கு அடியில் தேங்காய் எண்ணெய் வாசமும், அதற்கும் அடியில் நெடுநேரம் நின்ற மனிதர்களின் வியர்வை வாசமும் மெதுவாக ஏறி வந்தன. அவள் சந்தின் வாயில் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். நேரம் ஒரு மணி. ஒரு வாய் எடுத்தாள்.

கால் வலித்தது.

கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகி, இடுப்பு எரிந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். சந்துக்குள்ளே. சுவரில் சாய்ந்து. மழை விட்டிருந்தது. பொட்டலத்தில் எறும்பு மொய்த்திருந்தது. கைத்தொலைபேசி நாலு இருபது என்றது. பிடரியில் கை வைத்தாள். முடி நனைந்து பிசுபிசுத்தது. அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டுப் பத்து வருஷமாகிறது.

திரும்பிச் சுவரைப் பார்த்தாள். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பத்து.

பத்தாவது கறை சின்னதாக, புதிதாக, மஞ்சள் கூடத் தட்டாமல் இருந்தது. அளவுநாடாவைத் தரையிலிருந்து பிடித்தாள். நூற்று நாற்பத்து நாலு சென்டிமீட்டர். பிறகு நாடாவின் நுனியைத் தன் குதிகாலால் மிதித்துக்கொண்டு, மறு நுனியைப் பிடரிக்குக் கொண்டுபோனாள். எண்ணைப் பார்க்கக் கொஞ்ச நேரம் தைரியம் வரவில்லை. பார்த்தாள். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டாள்.

அன்றைக்குப் பத்துமலையிடம் சொல்லியிருக்கவேண்டும். அவர் சாப்பாட்டுக்கூடத்துக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். “போறேண்ணே,” என்று மட்டும் சொன்னாள். “போம்மா. நானும் இந்தா வந்துருவேன்,” என்றார் அவர்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. தொலைபேசி அணைந்திருந்தது.

“மக வீட்டுக்குப் போயிருப்பாரு லா,” என்றான் ஹாபிஸ். “வேலதான் ஏற்கெனவே முடிஞ்சிருச்சே.”

“பெட்டி இங்கதான் இருக்கு. செருப்பு பின்வாசல்ல கெடக்கு. வெறுங்காலோடயா பாகான் டத்தோ போனாரு?”

“கா.” அவன் கண்ணை மூடித் திறந்தான். “இன்னிக்குச் சந்துக் கறைய மூடணும். நாளைக்குக் காயணும். உங்களால முடியலன்னா நான் வேற ஆளப் போட்டுக்கறேன். அப்புறம் பலகைல அந்த ஆளு பேரத்தான் போடச் சொல்லுவாங்க. நான் என்ன செய்ய?”

அவள் சந்துக்குள் போனாள். விளக்கைப் போட்டாள். பதினொன்று.

பதினோராவது கறை மற்றவற்றைவிட உயரத்தில் இருந்தது. பத்துமலை உயரமான மனிதர். அந்த எண்ணம் வந்த கையோடு அதை அவள் தள்ளிவிட்டாள். இந்த ஒன்றை மட்டும் பிற்பாடு அவளால் தனக்கே மறைக்க முடியவில்லை: அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சாந்து குழைத்தாள். சுண்ணாம்பு, சலித்த மணல், தண்ணீர். பதினைந்து வருஷம். ஊர் ஊராக யார் யாருடைய சுவரையோ துடைத்தாயிற்று, ஒன்றிலும் பேர் கிடையாது. ஒரே ஒரு பலகை. அம்மாவைக் கூட்டிவந்து அதைக் காட்டவேண்டும்; லயத்தில் பிறந்தவள் பேர் துரை வீட்டு வாசலில் இருக்கிறது பார் என்று காட்டவேண்டும்.

கரணையில் சாந்தை அள்ளி முதல் கறையின் மேல் வைத்து இழுத்தாள். இடமிருந்து வலம், ஒரே வீச்சு. அது அவளுடைய கைவாகு. இரண்டாவது. மூன்றாவது. ஈரச் சாந்து குளிர்ந்துதான் இருக்கும். ஆனால் கரணைக்கு அடியில் சுவர் இளஞ்சூடாக இருந்தது. அழுத்தினால் கொஞ்சம் அமுங்கியது. ஒன்பதாவது. பத்தாவதை, தன்னுடையதை, கண்ணை மூடிக்கொண்டு பூசினாள். பதினோராவதுக்கு ஏணி போட்டு ஏறினாள். சாந்தை வைத்து அழுத்தும்போது கரணையின் பிடி வழியாக மணிக்கட்டுக்கு ஓர் அசைவு வந்தது. தூங்குகிறவன் முகத்தில் ஈ உட்கார்ந்தால் தலையைத் திருப்புவானே, அந்த மாதிரி.

அவள் நிறுத்தவில்லை. இன்னொரு கை சாந்து அள்ளினாள். தடிமனாகப் பூசினாள்.

சனிக்கிழமை பகல் பதினொன்றரைக்கு வந்தாள். வரவேண்டிய அவசியம் இல்லை; பலகைக்காக வந்தாள். வாசலில் புதிய பித்தளைப் பலகை வெயிலில் மின்னியது. அறக்கட்டளையின் பேர், கட்டடக் கலைஞரின் பேர், மதாமின் பேர், நிறுவனத்தின் பேர். கடைசியாகச் சின்ன எழுத்தில் ‘மற்றும் பணியாளர்கள்’. அவள் அதை இரண்டு முறை படித்தாள். பக்கத்தில் வந்து நின்ற ஹாபிஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

“கடைசி நேரத்துல மாத்திட்டாங்க கா. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். நீங்க பின்னால இருங்க, சாப்பாடு தரச் சொல்றேன்.”

அவள் பின்னால் போகவில்லை. வராந்தா வழியாக நேரே சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைந்து சுவரோரம் நின்றாள். நீல மயில்களுக்கு நடுவில், நல்ல வெளிச்சத்தில், இருபது பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மதாம் எலேன் நரைத்த தலையும் அன்பான கண்களுமாக மேசையின் தலைப்பக்கம் இருந்தாள். எல்லாம் கொள்ளுத் தாத்தா கடிதத்தில் எழுதியபடியே இருக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு, கணப்புக்குப் பக்கத்தில் தொங்கிய பட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

சுவருக்குள் எங்கோ மணி அடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கலாதேவியின் வலது கால் முன்னால் போனது. அவள் நாற்காலி ஒன்றின் முதுகைப் பற்றினாள். இடது கால் போனது. விரல்கள் ஒவ்வொன்றாக நாற்காலியை விட்டன. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஹாபிஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பரிமாறத்தான் போகிறாள் என்று நினைத்திருப்பான். எதிரே நீல மயில் ஒன்று நேர்க்கோட்டில் இரண்டாகப் பிரிந்தது. சுவர் திறந்தது. விருந்தினர்கள் “ஆ” என்று வியந்தார்கள்.

அவள் உள்ளே போனாள். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

இருட்டு. ஈரச் சுண்ணாம்பு வாசம். எண்ணெய் வாசம். விளக்கின் பொத்தானைக் கை தேடியது. கிடைத்தது. போட்டாள்.

அவள் பூசிய வெறுஞ்சுவர் அங்கே இல்லை.

அவர்கள் இருந்தார்கள். வரிசையாக. குதிகால் ஒட்ட, கை தொடையோடு ஒட்ட. வெள்ளை உடுப்பு, வெறுங்கால். தலைகளின் பின்பாதி சுவருக்குள் அமிழ்ந்திருந்தது. முன்பாதியில் முகம் இல்லை. சுண்ணாம்புச் சாந்து இருந்தது. நெற்றியிலிருந்து தாடைவரை வழுவழுவென்று. ஒவ்வொன்றின் குறுக்கேயும் கரணை இழுத்த தடம். இடமிருந்து வலம். ஒரே வீச்சு.

ஒன்பது முகம். பிறகு ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி. அதற்கு அந்தப் பக்கம் உயரமாக ஒருவர். காக்கிக் காற்சட்டை. இடுப்பில் தச்சர் பென்சில்.

“அண்ணே,” என்றாள் கலாதேவி.

அவருடைய தோள் சற்று விலகி, இடைவெளி இன்னும் கொஞ்சம் அகன்றது.

மற்றச் சாந்தெல்லாம் காய்ந்து வெளுத்திருந்தது. அவருடையது மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது, தடிமனாகப் பூசியது. மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் அது மெதுவாக உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. மறுபடியும் உள்ளே குழிந்தது.